ஹப்பு ஆறின பெறவு தண்ணியில எறக்கு

இன்வர்கார்கில், நியூசிலாந்து
14 ஜூலை 2024, ஞாயிறு

அன்புத் தம்பி சேவியருக்கு,

உன் கடுதாசி வந்து மூணு வாரமாச்சு. உடனே பதில் போடாதது என் தப்புதான், கோவப்படாத. இங்க இப்ப நடுக்குளிர். காலையில எட்டரைக்குத்தான் சூரியன் வரும், சாயந்திரம் அஞ்சரைக்குள்ள அடைஞ்சிரும். ரெண்டு சுவெட்டர் போட்டாப் போதும், ஹீட்டரே தேவைப்படல. வேளாவேளைக்குச் சாப்பிடுதேன்னு அம்மாட்டச் சொல்லு. மீனும் கிடைக்கி. புளி ஊத்தித்தான் வைக்கேன்.

திசையன்விளை ரோட்டுல வள்ளம் ஏத்துத ட்ரெய்லரோட இடது சக்கரம் இறுகி நின்னுட்டு, போன மாசம்தான் கிரீஸ் அடிச்சேன், பெறவு ஏன்னு கேட்டிருந்த. உள்ள தண்ணி போயிருக்குலே. ரோட்டுல ஓடி வந்த ஹப்பு, அதான் சக்கரத்து நடுக்குடம், சூடா இருக்கும், உள்ள இருக்க காத்தும் விரிஞ்சிருக்கும். அந்தச் சூட்டோட கடல்ல எறக்குனா காத்து சட்டுனு சுருங்கி, கிரீஸை அடைச்சு வைக்குத பின்பக்க ரப்பர் வளையம், அதான் ஆயில் சீல், அது வழியா தண்ணிய உறிஞ்சும். உப்புத்தண்ணி கொஞ்சம் உள்ள இருக்க, வண்டி ரெண்டு வாரம் சும்மா நின்னாப் போதும். பேரிங் ரோலர், அது ஓடுத வளையத்தை, அதான் ரேஸை, தொடுத கோட்டுல துரு புடிச்சுக் குழி விழுந்திரும். குழியில ரோலர் ஏறி எறங்கும்போது உறுமும். பெறவு சூடேறி, கிரீஸ் உருகி ஓடி, ரோலரைப் பிரிச்சு நிறுத்துத கூண்டு உடைஞ்சு, ரோலர் குறுக்க விழுந்து இறுகும். நின்னதோட போச்சு. சக்கரம் கழண்டு ஓடிருந்தா என்ன ஆயிருக்கும்?

நம்ம கரையில இன்னொரு கேடும் இருக்கு. செவப்பா மின்னுதே மணல், அது கார்னெட்டு. உப்புத்தாள்ல ஒட்டுத மணல். கிரீஸ்ல அது கலந்தா பேரிங்கை நாமளே உப்புத்தாள் போட்டுத் தேய்க்க மாதிரி. அதனால கரையில வச்சு ஹப்பைத் திறக்கவே கூடாது. வீட்டு முத்தத்துல, சிமிண்டுத் தரையில, கழுவுன சாக்கு விரிச்சு வேலை பாரு.

சக்கரம் தரையில இருக்கும்போதே வீல் நட்டை லேசா இளக்கு. மத்த சக்கரத்துக்குக் கல்லு வச்சு, பெறவு ஜாக்கி போடு. டஸ்ட் கேப்பை எடுத்து, நட்டு இளகாம பூட்டுத ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டு, வாசர், வெளிப் பேரிங் வரிசையா எடு. ஹப்பு கையோட வந்திரும். கிரீஸைப் பாரு. பால் ஊத்துன காப்பி நிறத்துல இருந்தா தண்ணி போயிருக்குன்னு அர்த்தம். பின்பக்க சீலை நெம்பி எடுத்துத் தூரப் போட்டிரு. எடுத்த சீலைத் திரும்பப் போடுத வேலை வேண்டாம். அந்த நாப்பது அம்பது ரூவா மிச்சம்தான் பேரிங்கைத் திங்கும்.

பேரிங்கை மண்ணெண்ணெய்யில ஊறப்போட்டுக் கழுவி, துணியால துடை. காத்து அடிச்சுச் சுத்த விடாத, கூண்டு தெறிச்சா கண்ணு போயிரும். ரோலர்லயோ ரேஸ்லயோ விரல் நகத்தை ஓட்டிப் பாரு. நகம் தட்டுனா அது கழிவு. நீலம் பாஞ்சிருந்தா சூட்டுல வேகிருக்கு, அதுவும் கழிவு. கழிச்சா பேரிங்கும் ரேஸும் சோடியாத்தான் மாத்தணும். பழைய ரேஸ்ல புதுப் பேரிங் நிக்காது. எங்க பட்டறைக்கு வார சின்ன ட்ரெய்லர்ல பெரும்பாலும் உள்ள 67048, வெளிய 11949. அதுக்குச் சோடி ரேஸ் 67010, 11910. உன் ஆக்சில் லேத்துல கடைஞ்சது, அதனால இந்த நம்பரைக் கேட்டு வாங்கிராத. கழட்டுன பேரிங் முகத்துல, ரேஸ் விளிம்புல வெட்டியிருக்க நம்பரை எழுதிக்கிட்டு, பழசையும் கையில கொண்டுபோயி நாகர்கோவில்ல வாங்கு.

பழைய ரேஸை உள்ளேருந்து பித்தளைப் பன்ச்சு வச்சு, மாறி மாறி ரெண்டு பக்கமும் தட்டி எறக்கு. புதுசை உக்கார வைக்க அந்தப் பழைய ரேஸையே மேல வச்சுத் தட்டலாம். சத்தத்தைக் கவனி. பாதியில மொத்து மொத்துன்னு கேக்கும். அடி தொட்டதும் கணீர்னு மாறும். அந்தச் சத்தம் வார வரை விடாத.

கிரீஸ் தண்ணி தாங்குத மரைன் கிரீஸா இருக்கட்டும், நம்பர் 2 கெட்டி. பழைய கிரீஸோட கலக்காத. ரெண்டு சேந்து இளகிரும். உள்ளங்கையில ஒரு உருண்டை வச்சு, பேரிங்கோட அகலமான பக்கத்தை அதுல அழுத்து. மறுபக்கம் ரோலர் இடுக்குல புழு மாதிரி கிரீஸ் வரணும். அப்படிச் சுத்தி எல்லா ரோலருக்கும் செய். மேல பூசுனது கணக்கில்ல. உள் பேரிங்கை வச்சு, புதுச் சீலை, அதோட உதடு, அதான் மெல்லிசு ரப்பர் விளிம்பு, உள்பக்கம் பாக்க மரக்கட்டை வச்சுச் சமமா அடி. உதட்டுல கிரீஸ் தடவு. ஆக்சில்ல சீல் உரசுத எடத்துல வரி விழுந்திருந்தா எந்தச் சீலும் நிக்காது. அதை முதல்ல லேத்துல சரி பண்ணு.

நட்டு முறுக்குததுலதான் நெறைய பேரு கெடுக்காங்க. ஹப்பைக் கையால சுத்திக்கிட்டே, ஓரடி ஸ்பேனர்ல ஒரு கை பலத்துக்கு முறுக்கு, அது எல்லாத்தையும் உக்கார வைக்க மட்டும். பெறவு ஹப்பை அசைக்காம நட்டை முழுசா இளக்கி, வெறும் விரலால முறுக்கு. பின் ஓட்டை நேரா வரலைன்னா இளகுத பக்கம் ஒரு பல்லு தள்ளு, இறுக்குத பக்கம் வேண்டாம். மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுனா மயிரிழை ஆட்டம் தெரியணும். பின்னும் புதுசு, ஸ்டெயின்லெஸ் கிடைச்சா நல்லது. பத்து கிலோமீட்டர் ஓட்டி, புறங்கையால ரெண்டு ஹப்பையும் தொட்டுப் பாரு. ஒண்ணு மட்டும் சுட்டா திரும்பத் திற.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருத்தர் இருக்காரு. ஸ்பிரிங் வச்ச கேப்பு போட்ட ட்ரெய்லர், ஸ்பிரிங்கு கிரீஸை உள்ள அழுத்திக்கிட்டே இருக்கும். ஞாயித்துக்கிழமை தவறாம கிரீஸ் கன்னை எடுத்துக்கிட்டு வந்திருவாரு, அவரு படகு வருசத்துல நாலு தடவைகூடத் தண்ணியப் பாக்காது. போன வாரம் டயரோட உள்பக்கம் பூரா கிரீஸ் தெறிச்சுக் கிடந்தது. அழுத்தம் தாங்காம பின்சீல் வெளிய வந்துட்டு. நானே மாத்திக் குடுத்தேன். கேப்போட தட்டை விரலால ஓரத்துல அமுக்குனா அசையுதா, கிரீஸ் போதும். நீ அந்தக் கேப்பு வாங்குனா இதை மறந்திராத.

எல்லாத்துக்கும் மேல, கரைக்கு வந்ததும் அரைமணி நேரம் நிறுத்தி, ஹப்பு ஆறின பெறவு எறக்கு. ஏத்துன உடனே நல்ல தண்ணி ஊத்திக் கழுவு.

நேத்து பேரிங் கழுவ மண்ணெண்ணெய் டப்பாவைத் திறந்தேன். அப்பா இஞ்சின் பாத்துட்டு வார சட்டை வாசம்லே. கொஞ்ச நேரம் கை ஓடல.

சரி, அதை விடு. கச்சான் காத்து இன்னும் ஓயலைன்னா வள்ளம் எறக்க அவசரப்படாத. இந்த மாசம் பணம் பத்து நாள் பிந்தும், பேங்குல ஏதோ பேப்பர் வேலை. ஏலக்காரர்ட்ட வட்டிய மட்டும் குடுத்து, அசலுக்கு ஆவணி வரை தவணை கேளு. வீட்டுப் பத்திரத்தை அவர் கையில குடுக்கவே குடுக்காத. அக்கா மக கல்யாணத்துக்கு நம்ம செய்முறை என்னன்னு அத்தான்ட்ட நேரா கேட்டு எழுது, மைனியவும் கூட்டிட்டுப் போ. அம்மாவுக்குக் கண்ணுக்கு என்னைக்கு வரச் சொல்லியிருக்காங்க? ட்ரெய்லரை விக்கலாம்னு எழுதியிருந்தியே, வேண்டாம். ரெண்டு சக்கரத்துக்கும் பேரிங், சீல், அவ்வளவுதான் செலவு. கழட்டுன பேரிங்கோட நம்பரை எனக்கும் எழுதி அனுப்பு.

உன் அண்ணன்,
அந்தோணி