எண்ணெய் இறங்கினால் தேயிலையையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உலகச் சந்தையில் மசகெண்ணெய் விலை இறங்கும்போதெல்லாம், இலங்கைக்கு இனி நிம்மதி என்ற தொனியில் உங்கள் வர்த்தகப் பக்கத்தில் செய்தி வருகிறது. மாத முடிவில் நள்ளிரவு விலைத் திருத்தத்தைப் பார்த்திருக்கும் ஓட்டோக்காரருக்கு அது நிம்மதிதான். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் எனக்கும்தான். ஆனால் கிராண்ட்பாஸில் ஒரு தேயிலை ஏற்றுமதி அலுவலகத்தில் கப்பல் பத்திரங்கள் எழுதுகிறவன் நான். அந்தச் செய்தியில் பாதி விடுபட்டுப் போகிறது என்று அடிக்கடி தோன்றும்.

எங்கள் தேயிலையை வாங்குவது யார்? ஈராக், ரஷ்யா, ஐக்கிய அரபு அமீரகம், துருக்கி, லிபியா, ஈரான். துருக்கியை விட்டால் மற்றதெல்லாம் எண்ணெய் விற்றுப் பிழைக்கும் நாடுகள். ஈராக் அரசின் வருமானத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு எண்ணெயில் இருந்துதான் வருகிறது. எண்ணெய் விழுந்தால் அங்கே அரச சம்பளம் பிந்தும், பஸ்ரா கடைக்காரர் சரக்கு எடுக்கத் தயங்குவார், 'அடுத்த கொள்கலனைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்' என்று எங்களுக்கு மெயில் வரும். அந்த வாரக் கொழும்புத் தேயிலை ஏலத்தில் விலை கேட்க எங்கள் ஆள் கை தூக்கமாட்டார். (ஏலம் 2020 கொரோனா காலத்தோடு கணினிக்குப் போய்விட்டது. கை தூக்குவது என்ற பேச்சு மட்டும் இன்னும் போகவில்லை.)

இது என் ஊகம் அல்ல. 2014 யூனில் பீப்பாய் 115 டொலரைத் தொட்ட, உலக எண்ணெய் விலைக்கு அளவுகோலான பிரெண்ட் எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டொலருக்கும் கீழே போனது. ரஷ்யாவின் ரூபிளும் அதோடு சேர்ந்து விழுந்தது. 2014இல் சுமார் 1.63 பில்லியன் டொலராக இருந்த நமது தேயிலை ஏற்றுமதி வருமானம், அடுத்த வருடமே 1.34 பில்லியன் ஆகிவிட்டது.

அடி அதிகம் விழுவது லோ குரோன் எனப்படும் தாழ்நிலத் தேயிலையில். தேயிலை என்றதும் நமக்கு நுவரெலியாதான் ஞாபகம் வரும். நாட்டின் உற்பத்தியில் பாதிக்கு மேல் காலி, மாத்தறை, இரத்தினபுரி, களுத்துறைப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை. அரபு நாடுகள் கேட்பதும் அதைத்தான். பெரும்பகுதி சிறு தோட்டக்காரர்களின் கொழுந்து. ஏல விலை இறங்கினால் தொழிற்சாலை அவர்களுக்குக் கொடுக்கும் கிலோ விலையும் இறங்கும். சம்பளப் பேச்சு வரும்போது மலையகத்தில் கொம்பனிகள் எடுத்துக் காட்டுவதும் இதே ஏல விலையைத்தான்.

நாட்டுக் கணக்கைப் பார்த்தால் எண்ணெய் இறங்குவது லாபமே, அதை மறுக்கவில்லை. 2023இல் எரிபொருள் இறக்குமதிக்கு 4.7 பில்லியன் டொலர் போனது, தேயிலையால் வந்தது 1.3 பில்லியன். ஆனால் லாபம் கொழும்பில் வாகனம் வைத்திருப்பவர் பைக்கு வருகிறது, நட்டம் மாத்தறைப் பக்கத்துத் தெனியாயவில் கொழுந்து விற்பவர் தலையில் விழுகிறது. ஒரே நிகழ்வுதான், ஆட்கள் வேறு.

ஈரானுக்குத் தேயிலை கொடுத்து எண்ணெய்க் கடனைத் தீர்க்க ஏற்பாடு செய்தோமே என்று சிலர் கேட்பார்கள். 2021 டிசம்பரில் செய்த உடன்பாடு அது: பழைய பாக்கி 251 மில்லியன் டொலர், மாதம் 5 மில்லியன் பெறுமதியான தேயிலை. கடன் குறைவது நல்லது. ஆனால் அந்தத் தேயிலைக்கு ஏற்றுமதியாளருக்குக் கிடைப்பது ரூபா, நாட்டுக்குள் புதிதாக ஒரு டொலரும் வராது.

எண்ணெய் ஏறினால் எங்களுக்குக் கொண்டாட்டம் என்றும் நினைக்க வேண்டாம். தேயிலைத் தொழிற்சாலைக்கும் எரிபொருள் வேண்டும்; டொலர் தட்டுப்பாடு வந்த 2022இல் மின்வெட்டு நேரத்தில் தொழிற்சாலைகள் டீசல் தேடி அலைந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். செவ்வாய், புதன் ஏலம் முடிந்ததும் உயர்நிலம், மத்திய நிலம், தாழ்நிலம் என்று மூன்று சராசரி விலைகள் கிடைக்கும். அவற்றை அந்த வாரத்து பிரெண்ட் விலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியில் போடுங்கள். தங்கத்தின் விலைக்கு நாள்தோறும் இடம் கொடுக்கிறீர்கள்தானே.

இப்படிக்கு,
தேயிலை ஏற்றுமதி எழுதுவினைஞர் ஒருவர்,
கொழும்பு 14