வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் சிறுவர் கதைப் போட்டியும் வழக்கம்போல நடந்தன. நூலகத்துக்கு இரும்பு அலமாரி ஒன்று வாங்கினோம்.

மாதக் கூட்டங்களைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பெண் துப்பறிவாளர்கள் வரும் அமெரிக்க நாவல்களையும், பெண்ணிய ஆய்வாளர்கள் அவற்றைப் பற்றி எழுதியதையும் சேர்த்து வாசிக்கும் திட்டத்தை நான் முன்வைத்தேன். துப்பறியும் கதைக்கு ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அவர்களில் பலர் ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. ஆகவே பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

டாஷியல் ஹாமெட்டின் 'தி மால்டீஸ் ஃபால்கன்' (1930) முடிவில், தான் நெருங்கிப் பழகிய பெண்ணையே தனியார் துப்பறிவாளன் சாம் ஸ்பேட் போலீஸில் ஒப்படைக்கிறான். சில இரவுகள் தூக்கம் கெடும், அப்புறம் சரியாகிவிடும் என்கிறான். அந்த இடத்தில் ஒரு பெண் இருந்தால்? 1977இல் பெண் துப்பறிவாளரை நாயகியாக்கி எழுத்தாளர் மார்சியா முல்லர் தொடங்கிவைத்தார். 1982இல் சாரா பாரெட்ஸ்கியின் வார்ஷாவ்ஸ்கி சிகாகோவிலும், சூ கிராஃப்டனின் கின்ஸி மில்ஹோன் கலிஃபோர்னியாவிலும் வேலையைத் தொடங்கினார்கள்.

இந்த நாயகிகளைப் பார்த்து ஆய்வாளர் கேத்லீன் கிரிகரி க்ளைன் மகிழ்ந்துவிடவில்லை. குலைந்த ஒழுங்கைச் சரிசெய்வதுதான் இந்த வகைக் கதையின் வேலை. அந்த ஒழுங்கோ ஆண்களுக்குச் சாதகமானது. ஆகவே நாயகி துப்பறிவாளராகவோ பெண்ணாகவோ தோற்றே தீர வேண்டும் என்று 1988இல் வாதிட்டார். மாறாக, 1999இல் ஆய்வாளர்கள் பிரிசில்லா வால்டனும் மனினா ஜோன்ஸும், தன் கதையைத் தானே சொல்லும் பெண் குரல் பழைய அச்சுக்குள் இருந்தே அதை மாற்றுகிறது என்றார்கள்.

கிராஃப்டனின் 'ஏ இஸ் ஃபார் அலிபை' நாவலை வாசித்த கூட்டம் இரவு நெடுநேரம் நீண்டது. கடைசியில் கின்ஸி கடற்கரைக் குப்பைத் தொட்டிக்குள் பதுங்கியிருக்கிறாள். அவளுடைய காதலனாக இருந்த வக்கீல் கத்தியோடு வந்து மூடியைத் தூக்குகிறான். சுட்டுவிடுகிறாள். துப்பாக்கி கைமாறியது தவிர என்ன மாறியது என்று க்ளைன் பக்கம் நின்றவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நாவலின் முதல் பத்தியிலேயே, முந்தாநாள் ஒருவரைக் கொன்றேன், அது மனதை அழுத்துகிறது என்கிறாள் கின்ஸி. ஸ்பேட் கடைசிப் பக்கங்களில் தள்ளிவிட்டுப் போன பாரத்தை அவள் முதல் பத்தியிலேயே கையில் எடுக்கிறாள். இதனால்தான் நான் வால்டன், ஜோன்ஸ் பக்கம். இப்படியொரு வாக்குவாதம் நம் வட்டத்தில் நடந்து வெகுகாலமாயிற்று. வராதவர்கள் இழந்தது இதைத்தான்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு போன ஆண்டைவிடக் குறைவு. சந்தா பாக்கிதான் காரணம். நினைவூட்டியும் பலர் கட்டவில்லை. நாவல்களைச் சில உறுப்பினர்கள் சொந்தக் காசில் வாங்கித் தந்தார்கள். அவர்களுக்கும், இடம் தந்தவர்களுக்கும், தேநீர் போட்டுக் கொடுத்தவர்களுக்கும் நன்றி.

எண்பதுகளில் வந்த இந்த நாயகிகளில் பெரும்பாலோர் வெள்ளையர் என்ற விமர்சனம் உண்டு. அதனால் அடுத்த ஆண்டு வேலரி வில்சன் வெஸ்லியின் டமாரா ஹேல் நாவல்களிலிருந்து தொடங்கலாம் என்பது என் விருப்பம். நியூவார்க் நகரில் துப்பறியும் கறுப்பினப் பெண் அவள். முன்பு போலீஸில் இருந்தவள். இன்னொருவர் செயலாளராக வந்தாலும் இந்த வாசிப்பு நிற்கக் கூடாது. ஆளுக்கொரு பிரதி இல்லாமல் இனி நடத்த முடியாது. பாக்கி வைத்திருப்பவர்கள் இன்று கூட்டம் கலையும் முன் பொருளாளரைப் பார்த்துவிட்டால், இந்த மாதமே புத்தகங்களுக்குச் சொல்லிவிடலாம்.

செயலாளர்