வற்று நேரத்தில் இனி கயாக் இல்லை: ராமேசுவரத்திலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தண்ணீர் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில் இனிமேல் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகு) விடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். காலை ஆறு மணிக்கே கிளம்பிப் பழகியவர்களுக்கு, அந்த நேரத்தில் தண்ணீர் வற்றியிருக்கும் நாள்களில் இது சிரமமாக இருக்கும். அதனால் காரணத்தை விவரமாகச் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் ஊரில் பாக் விரிகுடாப் பக்கத்தை வடகடல், பெண்கடல் என்பார்கள். ஆழம் குறைவு, அலையும் குறைவு. புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர்களை நாங்கள் அங்கே கூட்டிப்போவது அதனால்தான். விசைப்படகு வர முடியாத, முழங்கால் ஆழத் தண்ணீரிலும் கயாக் போய்விடும். அந்த ஆழத்தில்தான் கடல்புல் வளர்கிறது. இது பாசி இல்லை. வேர், தண்டு, பூ எல்லாம் உள்ள செடி. நீலக்கால் நண்டும் இறாலும் ஓரா மீனும் குஞ்சுப் பருவத்தில் ஒளிந்து வளரும் இடம் அது. ஆவுளியாவுக்கு, அதாவது கடல்பசுவுக்கு, சாப்பாடே இந்தப் புல்தான். வளர்ந்த ஆவுளியா ஒன்று ஒரு நாளைக்கு 30, 40 கிலோ வரை மேயும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் அரசு கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

தண்ணீர் வற்றியிருக்கும்போது படகு அந்தப் புல்மேல் தரைதட்டும். அப்போது துடுப்பை ஊன்றித் தள்ளச் சொல்லி நாங்களே உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். அது தவறு. ஒருநாள் பயிற்சி முடிந்து திரும்பும்போது, எங்கள் துடுப்புகளில் சிக்கிப் பிடுங்கிவந்த புல் வேரோடு மிதந்ததைப் பார்த்தோம். மண்ணுக்குள் படர்ந்து போகும் தண்டு அறுந்தால் அந்த இடம் மறுபடி மூட நாளாகும். தரைதட்டினால் இனி துடுப்பை ஊன்ற வேண்டாம். எங்கள் ஆளுக்குக் கைகாட்டுங்கள்; வெறும் மணல் பார்த்து இறங்கி அவரே இழுத்து விடுவார்.

வாடைக்காற்று கிளம்பினால் வடகடல் கலங்கிவிடும். அப்போது கயாக்குகளைத் தென்கடலுக்கு, மன்னார் வளைகுடாப் பக்கம், கொண்டுபோகிறோம். சொந்தப் படகு வைத்திருப்பவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். அதற்கு முன் படகை நல்ல தண்ணீரில் கழுவி, ஒட்டியிருக்கும் பாசியை எடுத்துக் கரையில் காயப்போடுங்கள். கப்பாபைகஸ் என்னும் வளர்ப்புப் பாசி, ஒடிந்த சிறு துண்டிலிருந்தே தழைத்துவிடும். அது மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவில் உயிருள்ள பவளப்பாறைகளைப் போர்த்தியிருந்ததை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். நம் படகு அதற்கு வாகனமாகிவிடக் கூடாது. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும்.

அப்புறம் பூநாரைகள். குளிர்காலத்தில் தனுஷ்கோடிப் பக்கம் வருகின்றன. அந்தப் பகுதி 2025இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கயாக்கில் சத்தம் இல்லாததால் பறவைக்குத் தொந்தரவு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் அனுபவம் வேறு. தூரத்தில் வரும் மோட்டார் சத்தம் பறவைக்கு முன்கூட்டியே கேட்டுவிடுகிறது. நாமோ திடீரென்று பக்கத்தில் போய் நிற்கிறோம். தலையைக் குனிந்து மேய்ந்த பறவைகள் நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினாலே நாம் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். அங்கேயே திரும்பிவிடுங்கள்.

கடலில் வலை கண்டால் அறுக்காதீர்கள், இழுக்காதீர்கள். கைவிட்ட வலையா, யாரோ இரவு விரித்துப்போட்ட பிழைப்பா என்று நமக்குத் தெரியாது. செல்போனில் இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து சொல்லுங்கள், ஊர் மீனவர்களிடம் கேட்போம். ஆமையோ ஆவுளியாவோ மாட்டியிருந்தால் அப்போதே எங்களைக் கூப்பிடுங்கள். இரண்டும் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய உயிர்கள். வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விட்ட மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை தருகிறது. அவர்களுக்கு அதை எப்படி விடுவிப்பது என்று தெரியும்.

வெயிலுக்குக் கிரீம் பூசுவதைவிட முழுக்கைச் சட்டை நல்லது. இல்லாதவர்களுக்குக் கடையில் வைத்திருக்கிறோம், வாடகை கிடையாது. புறப்படும் நேரத்தை முதல் நாள் மாலையே குறுஞ்செய்தியில் அனுப்புவோம். முன்பணம் கட்டியவர்களுக்கு நேரம் ஒத்துவராவிட்டால் முழுத்தொகையையும் திருப்பித் தருகிறோம்.

அன்புடன்,
கயாக் கடையார்,
ராமேசுவரம்