நாய்க்கு மூட்டுவலி: வீட்டுத் தரையைப் பற்றியும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூட்டுவலி உள்ள நாயை வளர்ப்பவர்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கேட்டறிய வேண்டும் என்ற கருத்தைப் பற்றி எழுதுகிறேன். மூட்டுத் தேய்மானம் உள்ள நாய் பல நேரம் மருத்துவர் அறையில் நொண்டாது. புது வாடை, அந்நியக் கைகள், பதற்றம் எல்லாம் சேர்ந்து வலியை மறக்கடித்துவிடும். காலையில் அது எழுந்து நிற்கப் படும் பாடு வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். எனவே வளர்ப்பவர்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று ஆராய வேண்டியதுதான். கேள்விகள் நம் வீடுகளுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும்.

ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் உருவான நாய் வலிப் படிவத்தில் 11 கேள்விகள் உண்டு. படுத்து எழச் சிரமப்படுகிறதா, ஓடுகிறதா, தாவுகிறதா என்று கேட்கும். நல்ல படிவம். ஆனால் தரை டைல்ஸா சிமென்டா, நாயை மொட்டை மாடியில் கட்டுகிறீர்களா, ஒரு நாளில் எத்தனை படி ஏறுகிறது என்று கேட்காது. நம்மூரில் பாதி விவரம் அங்கேதான் இருக்கிறது.

டைல்ஸில் பின்கால் வழுக்கும்போது நாய் தொடையை இறுக்கிக்கொண்டே நடக்கும். மூட்டோடு தசையும் நோகும். ரப்பர் அடிப்பாகமுள்ள மிதியடியோ யோகா பாயோ போதும். படுக்கை, தண்ணீர்க் கிண்ணம், வாசல் மூன்றையும் இடைவெளி இல்லாமல் இணைத்து விரிக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போட்டால் நடுவில் உள்ள டைல்ஸில்தான் சறுக்கும். பாதத் திண்டுகளுக்கிடையே வளர்ந்த முடியை வெட்டி, நகத்தையும் குறைக்காவிட்டால் பாய் விரித்தும் பாதிப் பயன்தான். மெத்தையைக் கையால் அழுத்தினால் தரை தட்டக் கூடாது. கோடையில் நாய் மெத்தையை விட்டுக் குளிர்ந்த தரைக்குப் போவது பிடிவாதமில்லை, புழுக்கம். மெத்தைமேல் பருத்தித் துணி விரித்து மின்விசிறிக்கு நேராகப் போடுங்கள்.

அடுத்து மாத்திரை. "வலி மாத்திரை கொடுத்தீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும். "வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகளைக் கொண்டுவாருங்கள்" என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிணந்தின்னிக் கழுகுகளைக் காக்க 2006-இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்ட டைக்ளோஃபெனாக், மனிதர்களுக்கான மருந்துக் கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. நாய்க்குத் தரக்கூடிய மெலாக்சிகாம் என்ற வலி மருந்திலும் அளவு பிசகினால் ஆபத்து. முதல் நாளுக்குப் பின் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், அதாவது 30 கிலோ லாப்ரடாருக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம். மனிதர்களுக்கான 15 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அதற்கு ஐந்து நாள் அளவு. 10 கிலோ பொமரேனியனுக்குப் பதினைந்து நாள் அளவு! மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும் வெறும் வயிற்றில் கூடாது, ஸ்டீராய்டுடன் சேர்க்கவே கூடாது. வாந்தியோ, தார் போன்ற கறுத்த மலமோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். வலித் தைலமும் தடவ வேண்டாம், நாய் நக்கிவிடும். நாள்பட்ட விறைப்புக்கு மணிக்கட்டில் சூடு பார்த்த துணியால் பத்து நிமிட ஒத்தடம் போதும்.

எடையைப் பற்றி நம் வீடுகளில் பேசுவது கடினம். தயிர்சாதமும் பிஸ்கட்டும் அன்பின் கணக்கில் வருகின்றன. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுதும் கவனித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், 25 விழுக்காடு குறைவாக உண்டவை ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோய்க்கு மருந்தும் அவற்றுக்குப் பிந்தித்தான் தேவைப்பட்டது. விலாவைத் தடவிப் பாருங்கள். விரல் நீட்டிய புறங்கை போல எலும்பு தட்டுப்பட்டால் சரி. உள்ளங்கை போல மெத்தென்றிருந்தால் பருமன். உடல் எடையை வாரம் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை குறைத்தால் போதும். நடையை நிறுத்த வேண்டியதில்லை. முக்கால் மணி நேரத்தை ஒரே மூச்சில் நடத்துவதற்குப் பதில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை, வெயிலுக்கு முன்னும் பின்னும் நடத்துங்கள். பந்து எறிவது மட்டும் வேண்டாம், திடீரென்று நின்று திரும்புவதில்தான் மூட்டு அடிபடும்.

ஆய்வாளர்கள் வளர்ப்பவர் கையில் ஒரு நோட்டும் கொடுக்கட்டும். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், நாய் எழுந்து நிற்க எத்தனை நொடி, படியில் எத்தனை முறை தயங்கியது, இரவில் எத்தனை முறை இடம் மாறிப் படுத்தது என்று எழுத வேண்டும். வழுக்காத தரையில் பத்து மீட்டர் மெல்ல நடக்கவிட்டுப் பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் செல்பேசியில் படமெடுக்கலாம். ஒரே வாரத்தில் பாய், மீன் எண்ணெய், மாத்திரை மூன்றையும் தொடங்கினால் எது உதவியது என்று யாராலும் சொல்ல முடியாது. போதாததற்கு, மருந்தே இல்லாத மாத்திரை கொடுத்தாலும் "தேவலை" என்று சொல்வது வளர்ப்பவர் இயல்பு. அதைச் சரிபார்க்கத்தான் நொடிக்கணக்கும் படமும். மீன் எண்ணெய்க்கு இரண்டு, மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

எல்லா நொண்டலும் தேய்மானமில்லை. காய்ச்சலோடு கால் மாற்றிக் கால் நொண்டினால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை தேவை. பின்கால்கள் திடீரென இழுத்துக்கொண்டால் அது முதுகுத்தண்டாக இருக்கக்கூடும். ஒத்தடம் கொடுத்துக்கொண்டிராமல் அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர் ஒருவர்,
திருச்சி