கூடைப்பந்துக் கழக ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கிற உறுப்பினர்களே, வணக்கம்.

'வந்திருக்கிற' என்று எழுதிவிட்டுத் தலையை எண்ணிப் பார்த்தேன். 17 பேர். பதிவேட்டில் 43 பேர் இருக்கிறோம். சரி, அதற்குப் பிறகு வருகிறேன்.

செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் இரண்டு முறை போதிய ஆள் இல்லாததால் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் வழங்கினோம். பொங்கலுக்கு சீனியர், ஜூனியர் போட்டி நடந்தது. சீனியர்கள் வழக்கம்போல இடைவேளையோடு நிறுத்திக்கொண்டார்கள். முதலமைச்சர் கோப்பை மாவட்டப் போட்டியில் நம் பிள்ளைகள் பள்ளி அணிக்காக ஆடினார்கள். வடக்குப் பக்க ரிங் இன்னும் வளைந்துதான் இருக்கிறது.

இனி மே மாத முகாம். இது வீண் செலவு என்று வெளியில் பல பேச்சு இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆண்டுதோறும் மே மாதத்தில் பெரியகுளத்தில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கிறது. அதைப் பார்க்கக் கல்லூரிப் பயிற்சியாளர்களும் வருவார்கள். அங்கிருந்து நம் கம்பம் ஒன்றரை மணி நேரம். அவர்கள் வருகிற சமயத்தில் மூன்று நாள் முகாம் போட்டு, பிளஸ் டூ முடித்த நம் பிள்ளைகளை அவர்கள் கண்ணில் காட்டிவிடலாம் என்பது என் யோசனை. 14 கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதினேன், தபால் செலவு என் கைக்காசு. தேதி வீரபாண்டி மாரியம்மன் கோயில் திருவிழா வாரத்தில் விழுந்துவிட்டது. அதற்கு நான்தான் பொறுப்பு, மறுக்கவில்லை. ஆனால் பயிற்சியாளர்கள் தோதுப்படும் என்று சொன்னது அந்தத் தேதி மட்டும்தான். பெயர் கொடுத்த 26 பேரில் முதல் நாள் மாலை கோர்ட்டில் நின்றவர்கள் 11 பேர். மற்றவர்கள் ராட்டினத்தில் இருந்தார்கள்.

வந்த பயிற்சியாளர்கள் இரண்டு பேர். ஒருவர் நம் பக்கத்துக் கல்லூரிக்காரர். பெயர் வேண்டாம். அவருடைய அணியின் முதல் ஐந்து பேரில் ஒருவன்கூட நம் கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவன் இல்லை. எல்லாரும் வெளியூர், விடுதி, சாப்பாடு, ஷூ எல்லாம் இலவசம். ஏன் சார் இப்படி என்று கேட்டேன். "லோக்கல் பசங்க வேணாம்ணே. திருவிழான்னா ஒருத்தனும் பயிற்சிக்கு வரமாட்டான்" என்றார். எதிரே 11 பேர் நிற்கும்போது நான் என்ன பதில் சொல்ல முடியும்?

அவர் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். பல்கலைக்கழக மண்டலப் போட்டியில் கோப்பை வராவிட்டால் நிர்வாகம் அவரைத்தான் கேட்கும். ரிங் இருப்பது 10 அடி உயரத்தில். அவருக்கு ஆறேகால் அடிப் பையன் வேண்டும். அதை நான் எங்கே போய் வாங்கிவருவது? ஆனால் அந்த வெளியூர்ப் பையன்கள் மூன்று வருடம் ஆடிவிட்டு டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். மறு ஜூனில் அவர் மறுபடியும் ஆள் தேடக் கிளம்புகிறார். அவர்கள் ஆட்டத்துக்கு நான் போயிருக்கிறேன். பார்க்க வந்தவர்களைவிட பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர்கள் அதிகம். நம் ஊர்ப் பையன் ஒருவன் ஆடினால் அவன் தெருவே அங்கே வந்து நிற்காதா?

அமெரிக்காவில் 1979-இல் நடந்த கல்லூரி இறுதியாட்டத்தை அவரிடம் சொன்னேன். ஒரு பக்கம் மேஜிக் ஜான்சன். லான்சிங்கில் வளர்ந்தவர், பக்கத்து ஊரான ஈஸ்ட் லான்சிங்கில் இருக்கும் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கே ஆடினார். இன்னொரு பக்கம் லேரி பேர்ட். பிரெஞ்ச் லிக் என்ற சின்ன ஊர்க்காரர். முதலில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் பாபி நைட்டிடம் சேர்ந்தவர், அந்தப் பெரிய கூட்டம் ஒத்துவராமல் ஒரு மாதத்துக்குள் ஊருக்கே திரும்பிவிட்டார். ஊரில் குப்பை லாரியில்கூட வேலை பார்த்தார். அப்புறம்தான் அதே மாநிலத்தில் இந்தியானா ஸ்டேட் என்ற வேறொரு பல்கலைக்கழகம் அவரை எடுத்தது. ஆட்டத்தில் மிச்சிகன் ஸ்டேட் 75-64 என்று ஜெயித்தது. ஆக, மோதிய இரண்டு பேருமே அந்தந்த மாநிலத்துப் பிள்ளைகள். சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேர்ட் ஆறடி ஒன்பது அங்குலம்ணே" என்றார். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இரண்டாவது பயிற்சியாளர் மலைக்கு அந்தப் பக்கம், கோட்டயத்திலிருந்து வந்தவர். கோடைமழையில் கோர்ட் நனைந்துவிட, சாக்கைப் போட்டுத் தண்ணீரை இழுத்துக்கொண்டிருந்த பிள்ளைகளோடு தானும் குனிந்து இழுத்தார். மூன்று நாளும் இருந்தார். நம் பெண்பிள்ளை ஒருத்தி பந்தை ரிங்கைப் பார்த்து எறியாமல், ஓடிவரும் ஆளைப் பார்த்துக் கொடுக்கிறாள் என்பதை முதல் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தவர் அவர்தான். நமக்கே அது தெரியாது. அவள் கோல் போடுவதில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

அவளுடைய அம்மா ஏலத்தோட்ட ஜீப்பிலிருந்து இறங்கி, தூக்குவாளியோடு நேரே மைதானத்துக்கு வந்தார். கட்டணம், விடுதி எதையும் கேட்கவில்லை. "சனிக்கிழமை வீட்டுக்கு விடுவீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். விடுவேன் என்றார் அவர். குமுளியில் பஸ் மாறினால் நாலைந்து மணி நேரம்தான். சென்னை என்றால் ஒரு ராத்திரி முழுக்கப் பயணம். மாநிலம் மாறுகிறதே என்று நம் உறுப்பினர் ஒருவர் ஆட்சேபித்தார். அந்த அம்மா தினமும் விடிகாலையில் கேரளத்து இடுக்கிக்குத்தான் வேலைக்குப் போய்வருகிறார். அவருக்கு எது லோக்கல்? பிள்ளை இப்போது அங்கே முதலாம் ஆண்டு படிக்கிறாள்.

ஆக, மூன்று நாள் முகாமில் ஒரு இடம். குறைவுதான். முகாமில் ஆறு பயிற்சியாளர்களுக்கு பிரியாணி சொல்லி இரண்டு பேர்தான் சாப்பிட்டார்கள் என்று வாட்ஸாப்பில் எழுதியவர், மிச்சம் நாலு பொட்டலத்தைப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்பதையும் எழுதியிருக்கலாம். முகாமுக்கு அவர் வரவில்லை. வந்த உறுப்பினர்கள் என்னையும் சேர்த்து ஐந்து பேர்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வந்ததைவிடக் கொஞ்சம் கூடப் போயிருக்கிறது. முகாம் செலவுக்கு முன்அனுமதி இல்லை என்பது உண்மை. அனுமதி தர வேண்டிய கூட்டம்தான் டீயோடு கலைந்த அந்த இரண்டில் ஒன்று. ஆண்டுச் சந்தா 600 ரூபாய். கட்டியவர்கள் 19 பேர். மூன்று வருடமாகக் கட்டாதவர்களின் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லியிருப்பதால் வாசிக்கவில்லை.

மைதானம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், பந்தல் வாடகையில் பாதியைத் தள்ளுபடி செய்த அண்ணாச்சிக்கும், மின்விளக்கு மாட்டிய தம்பிகளுக்கும், இவ்வறிக்கையைத் தட்டச்சு செய்து தந்தவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் நானே செயலாளராக இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கில்லை. யாராவது முன்வந்தால் சாவியையும் பதிவேட்டையும் இன்றே கொடுத்துவிடுகிறேன். யாரும் வராவிட்டால், முகாமைத் திருவிழா முடிந்தபிறகு வைப்பதாக இருக்கிறேன். கோட்டயத்து சார் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்துக் கல்லூரிக்கும் மறுபடி கடிதம் போடுவேன். அதற்குள் வடக்கு ரிங்கை மாற்றியாக வேண்டும். வளைந்த ரிங்கில் பிள்ளைகளை ஆடவைத்து யாருக்குக் காட்டுவது?

ரசீதுப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வாசல் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்