மலரில் மாகோன்

அன்பு மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வயலும் விதைத்தாகிவிட்டது. கணக்கு வாத்தியாரின் சைக்கிள் கதை புதிய கட்டத்துக்குப் போயிருக்கிறது, அதை நேரில்தான் சொல்ல வேண்டும். மூன்று கடிதத்துக்குப் பதில் போடாத உன்னை என்ன செய்வது என்றும் நேரில் தீர்மானிக்கலாம்.

இப்போது ஒரு சண்டையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் கோயில் கும்பாபிஷேக மலருக்குக் கலிங்க மாகனை, நாம் மாகோன் என்று சொல்லும் அந்த அரசனைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு பந்தியை வெட்டச் சொல்கிறார்கள். முடியாது என்று விட்டேன்.

என்ன பந்தி தெரியுமா? 1215இல் 24,000 வீரருடன் வந்து அன்றைய தலைநகர் பொலன்னறுவையைப் பிடித்தவன், அங்கிருந்த அரசன் பராக்கிரம பாண்டியனின் கண்களைப் பிடுங்கினான். அவன் படை தூபிகளை உடைத்தது. விகாரைகளில் இருந்த சுவடிகளின் கயிற்றை அறுத்து ஏடுகளை அங்கங்கே வீசியெறிந்தது. பௌத்த பிக்குமார் எழுதிய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்வதை அப்படியே எழுதியிருந்தேன்.

"பிக்குமார் பகையில் எழுதியது" என்கிறார் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர். பகை இருக்காமல் எப்படி? அடி வாங்கியவர்கள் அல்லவா எழுதினார்கள்! ஆனால் அவன் 21 ஆண்டு ஆண்டான் என்று நாம் மேடையில் முழங்குவதும் அதே சூளவம்சத்தை வைத்துத்தான். ஆண்ட கணக்கு மட்டும் வேண்டும், அழித்த கணக்கு வேண்டாமாம்.

நம் மாகோனை நான் விட்டுக்கொடுக்கவில்லை, மச்சான். எந்தக் குடிக்கு எந்தத் திருவிழா, யாருக்கு முதல் காளாஞ்சி என்ற கோயில் மரியாதை, வன்னிமை என்ற ஊர்த்தலைவருக்கு என்ன உரிமை என்பதையெல்லாம் வகுத்தவன் அவன்தான் என்று நம் மட்டக்களப்புத் தேசத்துக் கோயில்கள் இன்றும் சொல்கின்றன. அந்த நினைவு நமக்கு வந்தது எதிலிருந்து? நம் பகுதியின் வரலாறு சொல்லும் மட்டக்களப்பு மான்மியம் 1962இல் அச்சேறும்வரை வீட்டுக்கு வீடு காத்துவைத்திருந்த ஏடுகளிலிருந்து. ஏட்டால் வாழ்ந்த ஊர், ஏட்டைக் கிழித்த செய்தியை மறைக்கலாமா? எனக்கு மனம் ஆறவே இல்லை.

இன்னொன்றும் பார். அவன் பொலன்னறுவையில் இருந்த காலத்திலேயே சிங்கள அரசு தம்பதெனியாவுக்குப் பெயர்ந்தது. புவனேகபாகு என்ற இளவரசன் கோவிந்தஹெல மலையில் அரண் அமைத்து தென்னிலங்கையின் உறுகுணை நாட்டைக் காத்தான். இங்கினியாகலைப் பக்கம் போகும்போது தெரியுமே, அந்தச் செங்குத்துப் பாறைதான். அம்பாறையில் இருந்துகொண்டு அதைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு யார் சொன்னார்கள்?

கட்டுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். வண்ணக்கர் உன் சொல்லைத் தட்டமாட்டார், உன் மாமா அல்லவா. வாசித்துவிட்டு அவருடன் பேசு. மலர் அச்சுக்குப் போக இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது. அந்தப் பந்தி இல்லாவிட்டால் என் பெயரையும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்