அறிக்கையில் கோடு எங்கே போட்டிருக்கிறார்கள்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் கூட வந்த உங்கள் நகரத்துத் தடித்த சுகாதார அறிக்கையும் கிடைத்தன. கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது. பொடி எழுத்துக்கு மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். அதனால் அறிக்கையை அடிக்குறிப்புவரை விடாமல் படித்தேன். வீட்டில் எல்லோரும் நலம். பேத்தி கல்லூரியில் புள்ளியியல் எடுத்திருக்கிறாள். தாத்தா சொல்லி எடுக்கவில்லை என்று அவளே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

உன்னை நகர சுகாதாரக் குழுவில் சேர்த்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் முதல் கூட்டத்திலேயே, "நம் நகரத்து எண்கள் எல்லாம் மாநில சராசரியை ஒட்டித்தான் இருக்கின்றன, இதில் பேச என்ன இருக்கிறது?" என்று கேட்டு உட்கார வைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அந்தக் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டு நிற்காதே. எண் சரியா தப்பா என்று பார்ப்பதற்கு முன்னால், அது எந்த எல்லைக்குள் எண்ணப்பட்டது என்று பார்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2014 ஏப்ரலில், செலவைக் குறைக்க, டெட்ராய்டிலிருந்து வந்த குடிநீரை நிறுத்திவிட்டு ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். அந்தத் தண்ணீர் குழாயை அரிக்கும் தன்மை கொண்டது. அரிப்பைத் தடுக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் குடிநீரில் இறங்கியது. மாநில சுகாதாரத் துறை குழந்தைகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு, கவலைப்பட ஒன்றுமில்லை, இது கோடையில் வழக்கமாக வரும் ஏற்றம்தான் என்றது. மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர் தன் மருத்துவமனைப் பதிவுகளை எடுத்துக் கணக்கிட்டார். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில், ரத்தத்தில் ஈயம் அளவுக்கு மேல் இருந்தவர்கள் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாக ஏறியிருந்தார்கள். அதாவது இரண்டு மடங்கு.

ஏன் இவருக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியவில்லை? முக்கியமான காரணம் அஞ்சல் குறியீடு. மாநிலக் கணக்கு அஞ்சல் குறியீட்டு வாரியாகப் போடப்பட்டது. ஃபிளின்ட் என்று முகவரி எழுதும் வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, நகர எல்லைக்கு வெளியே இருப்பவை. அங்கெல்லாம் பழைய நல்ல தண்ணீரே வந்துகொண்டிருந்தது. பாதிக்கப்படாத குழந்தைகளைச் சேர்த்துக் கூட்டி வகுத்தால் ஏற்றம் கரைந்துபோகாமல் என்ன செய்யும்? ஒரு புவியியலாளரின் துணையோடு ஒவ்வொரு முகவரியையும் வரைபடத்தில் வைத்து, எந்த வீட்டுக்கு எந்தத் தண்ணீர் என்று பிரித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 2015 செப்டம்பரில் மோனா அதைப் பத்திரிகையாளர்கள் முன் வைத்தார். மாநில அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். அக்டோபரில் பழைய தண்ணீர் திரும்பி வந்தது. பொய்க் கணக்கு எழுதாமலேயே ஓர் எல்லைக்கோட்டால் ஏற்றத்தை மறைக்க முடிகிறது என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. தபால்காரருக்காகப் போட்ட எல்லையைத் தண்ணீர்க் கேள்விக்குப் பயன்படுத்தினார்கள்.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் தெருத் தெருவாகப் பிரித்துக் கொடுங்கள்" என்று கேட்டுவிடாதே. அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. அமெரிக்க மாவட்டங்களைச் சிறுநீரகப் புற்றுநோய் விகிதப்படி வரிசைப்படுத்தினால், மிகக் குறைந்த விகிதம் உள்ளவை பெரும்பாலும் மக்கள்தொகை குறைந்த கிராமப்புற மாவட்டங்கள். நல்ல காற்று, நிம்மதியான வாழ்க்கை என்று காரணம் சொல்லத் தோன்றும். மிக அதிக விகிதம் உள்ளவையும் அதே மாதிரிக் கிராமப்புற மாவட்டங்கள்தான்! ஆயிரம் பேர் இருக்கும் இடத்தில் ஒருவருக்கு நோய் வந்தாலும் விகிதம் எகிறும், வராவிட்டால் பூஜ்யம். அவ்வளவும் தற்செயல். உன் அறிக்கையில் ஒரு வார்டு சிவப்பாகத் தெரிந்தால், ஒரே வருஷத்தை வைத்துக் கூச்சல் போடாதே. சில வருஷங்களைச் சேர்த்துப் பார், அந்த வார்டில் முதியவர்கள் அதிகமா என்று பார். முதியவர்கள் எத்தனை பேர் என்பதைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்யாத இறப்பு விகிதத்தை ஒப்பிடுவது வீண் வேலை.

நோய்ப் பதிவேட்டில்தான் எல்லாம் கிடைக்கும் என்றும் எண்ணாதே. வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரில் ஜோனதன் ஷெப்பர்ட் என்ற முகத்தாடை அறுவை மருத்துவர், அடிதடியில் காயப்பட்டு வருகிறவர்களில் பலர் போலீஸ் கணக்கிலேயே இல்லை என்று கவனித்தார். அவசர சிகிச்சைப் பிரிவின் வரவேற்பில், எந்த இடத்தில், எப்போது, எதனால் அடிபட்டது என்று கேட்டுக் குறிக்க வைத்தார். பெயர், அடையாளம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, அந்தக் குறிப்பு நகர நிர்வாகத்துக்கும் போலீஸுக்கும் போனது. ரோந்து இடம் மாறியது, மதுக்கூடங்களில் உடையாத கோப்பைகள் வந்தன. 2011-இல் வெளியான ஆய்வு, ஒத்த நகரங்களோடு ஒப்பிட்டால் வன்முறையால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 42 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. இன்னொன்றையும் கவனி: போலீஸ் பதிவு செய்த சிறு தாக்குதல்கள் அதே காலத்தில் கூடின. அந்த ஒரு வரியை மட்டும் கூட்டத்தில் வாசித்தால் திட்டம் தோல்வி என்று எழுதி மூடிவிடுவார்கள். சண்டை முற்றுவதற்கு முன்பே போலீஸ் போய்ச் சேர்ந்தது என்று படிக்கவும் இடமிருக்கிறது. எனக்கு இந்த இரண்டாவது வாசிப்புதான் பொருத்தமாகப் படுகிறது.

லண்டன் காலரா கதையை நீயே எழுதியிருந்தாய். 1854-இல் மருத்துவர் ஜான் ஸ்னோ பிராட் தெருக் கிணற்று அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்ததும் கொள்ளைநோய் நின்றது என்று. உண்மையில் கைப்பிடியைக் கழற்றும்போதே நோய் இறங்குமுகம்தான். பலரும் ஊரைவிட்டே ஓடிவிட்டிருந்தார்கள். அந்த அடிகுழாய்த் தண்ணீரால்தான் காலரா பரவியது என்று ஸ்னோ சொன்னதை அரசு அமைத்த விசாரணைக் குழுவும் ஏற்கவில்லை. எனக்குப் பிடித்தவர் அந்தப் பகுதியின் இளம் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட். ஸ்னோ சொல்வது தவறு என்று காட்டத்தான் அவர் வீடு வீடாக விசாரிக்கப் புறப்பட்டார். கடைசியில் கிணற்றை ஒட்டிய வீட்டில் முதலில் நோய்ப்பட்ட கைக்குழந்தையைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அந்தக் குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீர் போன கழிவுத்தொட்டி, கிணற்றிலிருந்து எட்டித் தொடும் தூரத்தில் கசிந்துகொண்டிருந்தது. எல்லா வீட்டிலும் கதவைத் திறந்து அவரோடு பேசினார்கள், ஏனென்றால் அவர் அவர்களுக்குத் தெரிந்த மனிதர். உங்கள் குழுவில் களப்பணியாளர் ஒருவரும் இல்லை என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்கு அறிக்கையைவிடப் பெரிய குறையாகத் தெரிகிறது.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் இரண்டு வரைபடம் கேட்டு வாங்கு. ஒன்று வார்டு எல்லை, இன்னொன்று எந்த நீர்த்தொட்டியிலிருந்து எந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகிறது என்பது. இரண்டாவது இல்லை என்று சொன்னால், சுகாதாரத் துறையில் கேட்காமல் குடிநீர்ப் பிரிவு பொறியாளரிடம் கேள், அவர்களிடம் இருக்கும். வயிற்றுப்போக்கு வந்தவர்களின் பட்டியலை முகவரியோடு வெளியே அனுப்ப மாட்டார்கள், அனுப்பவும் கூடாது. அவர்களே உள்ளே உட்கார்ந்து தொட்டி வாரியாகக் கூட்டித் தரட்டும். வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. பேத்திக்கும் விடுமுறை வருகிறது, அவளையும் உட்கார வைக்கிறேன்.

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே. வீட்டில் என் அன்பைச் சொல்.

என்றும் உன்,
பழைய கூட்டாளி